நாலு நாற்பதுக்கு வெற்றி

மிளகாய்க்கு இவர் ஐந்தாவது வழிகாட்டி, ஞாயிறுதோறும் விளையாட்டுக் கூடத்துக்குச் சேவைக்கென்று வருகிறவர்.

முதலாமவர் அவளைப் பார்த்த மாத்திரத்தில் அழத் தொடங்கினார். அவரைத் தேற்றி, முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, வண்டி பிடித்து ஏற்றிவிடுவதற்குள் அன்றைய விளையாட்டு நேரம் முடிந்துபோனது. இரண்டாமவர் தாம் பட்ட கஷ்டங்களை எட்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் தவணை முறையில் சொன்னார். கேட்டுக் கேட்டு, அவருக்கு யாராவது வழிகாட்டினால் தேவலை என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. மூன்றாமவர் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனதோடு சரி. நான்காவதாக வந்த அம்மாள் நல்லவர்தான். ஆனால் மிளகாய் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நிற்பவரிடம், "இந்தப் பொண்ணு தண்ணி குடிக்குமா?" என்று கேட்கிற பழக்கம் அவருக்கு இருந்தது.

"குடிக்கும்மா. வாரத்துக்கு ஒரு தடவை ஊத்தினா போதும். மத்த நாள்ல ஜன்னல் ஓரமா வெச்சிடுங்க," என்று மிளகாய் ஒருநாள் பதில் சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து அம்மாள் வரவில்லை.

மிளகாய் என்று பெயர் வைத்தவர் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளி. பதினோரு வயதில் ஒரு பஸ் அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. அங்கே குறைந்த நீளத்தை யாரோ நாக்கில் சேர்த்துவிட்டார்கள் என்பது முதலாளியின் கட்சி. இப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. வாரத்தில் ஆறு நாள் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஃபிரேமுக்கு ஏற்றபடி கண்ணாடிகளைத் தேய்த்துப் பொருத்துவாள். ஏழாம் நாள், பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் கூடத்துக்குப் போய், செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து வாலிபால் ஆடுவாள்.

அந்தக் கூடம் ஒரு காலத்தில் சாக்குக் கிடங்கு. சக்கர நாற்காலிகள் ஏறுவதற்காக ஒரு நன்கொடையாளர் வாசலில் சரிவுப் பாதை கட்டிக் கொடுத்திருந்தார். பின்னால் இரண்டு பேர் நின்று தள்ளாவிட்டால் ஏறிய நாற்காலி அப்படியே திரும்பித் தெருவுக்கு ஓடிவிடும், அவ்வளவு செங்குத்து. நன்கொடையாளரின் பெயர்ப்பலகை மட்டும் வெகு தாராளம், பாதையைவிட அகலம்.

ஆட்டத்தின் விதி எளிது. எல்லோரும் தரையில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். பந்தைத் தொடும்போது பின்பக்கம் தரையை விட்டு எழுந்தால் எதிரணிக்கு ஒரு பாயின்ட். கால் உள்ளவர், கால் இல்லாதவர், கால் இருந்தும் அது சொன்னபடி கேட்காதவர், எல்லோருக்கும் அங்கே ஒரே உயரம். மிளகாயின் அணியில் ஓர் இரட்டையர் ஜோடி இருந்தது. ஒருவனுக்கு இடது கால் சூம்பியிருந்தது, மற்றவனுக்கு எல்லாம் சரியாக இருந்தது. உட்கார்ந்து ஆட ஆரம்பித்துவிட்டால் எவன் எவன் என்று அவர்கள் அம்மாவாலேயே சொல்ல முடியாது. நாற்காலியில் வரும் பையனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது, இடுப்புக்கு மேலே வாய் ஓயாது. அவன் பெயர் வானொலி. காது கேட்காத நெட்டை, கைச்சைகையிலேயே எல்லோரையும் கிண்டல் செய்வான். ஆறாவது ஆள் புதுசு.

புதுசுக்குப் பதினாறு வயது. பிறந்ததிலிருந்தே இடது கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடும். ஆறு மாதத்துக்கு முன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா, வாசலிலேயே நிறுத்தி, "இவ கையைப் பத்தி மட்டும் யாரும் எதுவும் கேக்காதீங்க," என்று கெஞ்சினார்.

"இங்க யாரும் எதையும் கேக்க மாட்டாங்க ஆன்ட்டி. பந்து வந்தா எடுக்கச் சொல்லுவாங்க, அவ்வளவுதான்," என்றாள் மிளகாய்.

அந்த அம்மா மகளின் உடுப்பு எல்லாவற்றையும் முழுக்கை வைத்தே தைத்திருந்தார். முதல் ஆறு வாரம் புதுசு அந்தக் கைத்துணியைப் பிடித்துக்கொண்டே மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஏழாம் வாரம் மிளகாய் அவள் மடியில் பந்தைப் போட்டாள். துணியைச் சுருட்டி மேலே ஏற்றி, குட்டைக் கையின் மேல் பந்தை நிறுத்தி, அதாலேயே மேலே எற்றி, வலது கையால் ஓங்கி அடிக்க வேண்டும். பத்துக்கு ஒன்பது நெட்டில் போனது. மூன்று மாதம் கழித்துப் பத்துக்கு எட்டு எதிர்ப்பக்கத்தில் விழுந்தது. இதற்கெல்லாம் வழிகாட்டல் என்று பெயர் என்பதை மிளகாய்க்கு யாரும் சொல்லவில்லை. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டைகூடத் தரவில்லை.

அட்டை ஐந்தாவது வழிகாட்டியின் கழுத்தில் தொங்கியது. அவர் மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவுத் துணை மேலாளர். பனியன் நெஞ்சில் கம்பெனியின் சேவைத் திட்டத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது: 'கைகோப்போம்.'

புதுசு அதைப் படித்துவிட்டு மிளகாயின் காதருகே குனிந்தாள். "எந்தக் கையை அக்கா?"

தன் கையைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. மிளகாய் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அவர் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை 'ஊக்கம்' என்றார். அதனால் முதல் நாளே ஊக்கம் சார் ஆகிவிட்டார். மிளகாய் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள், அவர் கைதட்டினார். வானொலி செருமினான், அதற்கும் கைதட்டினார். நெட்டை கொட்டாவி விட்டபோது ஒரு நொடி யோசித்துவிட்டுத் தட்டினார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தரையில் உட்கார்ந்து ஆட வந்தபோதுதான் அவருடைய கருணை கரையுடைத்தது. மடியில் வந்து விழுகிற பந்தையும் விட்டுவிட்டு, "ஐயோ, போச்சே!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். இப்படியே நான்கு வாரம் போச்சே போச்சே என்று போயிற்று.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் மிளகாய். "பந்தை அடிக்கத் தெரியலையா, இல்ல அடிக்க மனசு வரலையா?"

"உங்க சந்தோஷம்தானம்மா எனக்கு முக்கியம்!"

"எங்க சந்தோஷத்துக்கு நீங்க ஒழுங்கா ஆடணும் சார்."

"பாருங்க, எவ்வளவு தன்னம்பிக்கை!" என்று அவர் கைதட்டினார்.

கம்பெனியின் ஆண்டுவிழாவில் ஊழியர் அணிக்கும் இவர்களுக்கும் நட்பு ஆட்டம் என்று ஊக்கம் சார் அறிவித்தபோது, புதுசின் முகம் மலர்ந்ததை மிளகாய் பார்த்தாள். வெளியாட்களோடு அவளுக்கு அதுதான் முதல் ஆட்டம். அன்றைக்கு ஐம்பது சர்வ் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

விழாவுக்கு முந்தின ஞாயிறு, பஸ் நேரம் எழுதிய தாளைக் கொடுப்பதாக நினைத்து ஊக்கம் சார் வேறொரு தாளை மிளகாயிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது விழாவின் நிகழ்ச்சி நிரல். நாலு மணிக்கு வரவேற்பு. நாலு பத்துக்கு ஆட்டம். நாலு நாற்பதுக்கு 'நம் குழந்தைகள் வெற்றி.' நாலு நாற்பத்தைந்துக்கு 'நெகிழ்ச்சி (இரண்டாவது கேமரா).' நாலு ஐம்பதுக்கு எம்.டி. கையால் கோப்பை. கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: தோல்வி இயல்பாகத் தெரிய வேண்டும் என்பதால் ஊழியர் அணிக்கு ஒரு மாதமாகப் பயிற்சி அளிக்கப்பட்டு வருகிறது.

மிளகாய் அதைச் சத்தமாகப் படித்தாள். படிக்கப் படிக்க வானொலியே அணைந்துபோனான்.

"போக வேணாம்," என்றான் இரட்டையரில் ஒருவன்.

"போகலேன்னா உடம்பு சரியில்லாத குழந்தைங்கன்னு சொல்லிடுவாங்க," என்றாள் மிளகாய். "போவோம். போய்த் தோப்போம். அவங்களைவிட நல்லா தோத்துக் காட்டுவோம். கப்பை எங்க வைக்கறதுன்னு அந்த எம்.டி. திண்டாடட்டும்."

எல்லோரும் ஹோவென்று சிரித்தார்கள். நெட்டைக்குச் சைகையில் விளக்கியதும் அவன் தரையில் உருண்டான். புதுசு மட்டும், "அப்ப நான் சர்வ் போட வேணாமா அக்கா?" என்று கேட்டாள்.

"போடுடி. வெளிய போடு."

புதுசு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில் மிளகாயும் கம்பெனிக்குச் சளைத்தவள் அல்ல.

கம்பெனியின் பின்புறக் கொட்டகையில் இருநூறு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நெட்டுக்கு மேலே 'சிரிக்கட்டும் சிறப்புக் குழந்தைகள்' என்று பேனர். குழந்தைகளில் வானொலிக்கு முந்தின வாரம்தான் இருபத்தொரு வயது முடிந்திருந்தது. சவரம் செய்துகொண்டு வந்திருந்தான். எம்.டி. முன்வரிசையில், கைக்குட்டையைத் தயாராக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவராகக் கூடத்திலிருந்து விசில் அக்காவை அழைத்து வந்திருந்தார்கள். அவருக்கு விளையாட்டில் விதிகளைத் தவிர வேறெதுவும் பிடிக்காது. இந்தத் தாளைப் பற்றி யாரும் அவரிடம் மூச்சுவிடவில்லை.

ஊழியர் அணி சர்வ் போட்டது. ஊக்கம் சார் பந்தை நெட்டின் அடிவயிற்றில் அடித்துவிட்டு, "ஐயோ, போச்சே!" என்றார். மிளகாய் அணிக்கு ஒன்று.

மிளகாய் சர்வ் போட்டாள். பந்து பேனருக்கு மேலே பறந்து முன்வரிசையில் ஒருவர் தேநீரில் விழுந்தது. "ஐயோ, போச்சே!" என்று அவளும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஒன்றுக்கு ஒன்று.

வாலிபாலில் சர்வைக் கெடுத்தால் எதிரணிக்குப் பாயின்டோடு சர்வும் போய்விடும். எதிரணியும் கெடுத்தால் திரும்பி வந்துவிடும். ஆகவே, இரண்டு அணிகள் மனமார ஒத்துழைத்தால், உலகத்திலேயே மிக நியாயமான ஆட்டத்தை ஆடலாம். இரண்டுக்கு இரண்டு. மூன்றுக்கு மூன்று. வானொலி பந்தைப் பின்னால் எறிந்தான். எதிரணியில் கணக்குப் பிரிவுக்காரர் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அடிக்க மறந்தவர்போல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பந்து மூக்கில் விழுந்தது. ஒரு மாதப் பயிற்சி வீண்போகவில்லை. புதுசின் முறை வந்தபோது அவள் முழுக்கையை ஏற்றாமலே பந்தை எற்றினாள். அது துணியில் வழுக்கி அவள் மடியிலேயே விழுந்தது. கூட்டம் "ச்சு ச்சு ச்சு" என்றது.

ஆறுக்கு ஆறு. எட்டுக்கு எட்டு. இருபத்தைந்து பாயின்ட் எடுத்து, இரண்டு பாயின்ட் வித்தியாசமும் வராமல் ஆட்டம் முடியாது என்று யாரோ எம்.டி.யின் காதில் சொன்னார்கள். விசில் அக்கா ஒவ்வொரு தடவையும், நெருங்கிய சொந்தத்தில் துக்கம் நடந்தவரைப்போல் ஊதினார்.

எதிரணியில் ஒரே ஒருவர் மட்டும் இதை ரசிக்கவில்லை. டெஸ்பாட்ச் பிரிவில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் அக்கா, நாற்பது வயதிருக்கும். பந்து தன் பக்கம் வரும்போதெல்லாம் அவர் கைகள் தாமாக எழுவதும், ஊக்கம் சார் முறைத்ததும் தாழ்வதுமாக இருந்ததை மிளகாய் கவனித்தாள்.

இரண்டாவது முறை புதுசுக்கு சர்வ் வந்தது. "அக்கா, ஒரே ஒண்ணு உள்ள போடட்டுமா?"

"வேணாம்டி. முடிவு பண்ணியாச்சுல்ல."

"யாரு பண்ணா?"

விசில் ஊதிவிட்டதால் மிளகாய் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புதுசு பந்தை வெளியே தட்டினாள்.

நாலு நாற்பதுக்கு ஸ்கோர் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இரண்டாவது கேமராக்காரர் நெகிழ்ச்சிக்காகத் தயாராகிவிட்டு, ஒன்றும் நடக்காததால் பேனரைப் படம் பிடித்தார். பதினான்குக்குப் பதினான்கு. ஊக்கம் சார் நெட்டில் அடித்தார். பதினைந்து. மறுபடி புதுசின் கையில் பந்து.

அவள் திரும்பி மிளகாயைப் பார்த்தாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அவங்க என்னைக் கேக்காம ஜெயிக்க வைக்கறாங்க. நீ என்னைக் கேக்காம தோக்க வைக்கற. என்னக்கா வித்தியாசம்?"

கடைக்கு வந்து மூக்கு சரியில்லை என்று கண்ணாடியைத் திருப்பித் தந்தவருக்குக்கூட மிளகாயிடம் பதில் இருந்தது, இதற்கு இல்லை. தான் ஆடிய நாடகம் எதிர்ப்பக்கத்தில் ஆடிய அதே நாடகம்தான், உடுப்பு மட்டும் வேறு என்பது அவளுக்குப் புளித்த ஏப்பம்போல நெஞ்சில் ஏறியது.

புதுசு வலது கையால் இடது கைத்துணியைச் சுருட்டினாள். இருநூறு பேர் பார்க்க, முழங்கை வரைக்கும், அவசரமே இல்லாமல் சுருட்டினாள். பந்தைக் குட்டைக் கையின் மேல் நிறுத்தினாள். எற்றினாள். அடித்தாள்.

பந்து நெட்டின் மேல்விளிம்பை உரசினாற்போல் போய், ஊக்கம் சாருக்கும் கணக்குப் பிரிவுக்காரருக்கும் நடுவில் தரையில் அறைந்தது. இருவரும் அது எங்கிருந்து வந்தது என்பதுபோல் கூரையைப் பார்த்தார்கள். கைதட்டுவதற்கே பிறந்த ஊக்கம் சார்கூடத் தட்டவில்லை.

பதினாறு, பதினான்கு. புதுசு மறுபடி அடித்தாள். இந்தத் தடவை டெஸ்பாட்ச் அக்காவால் பொறுக்க முடியவில்லை. பக்கவாட்டில் வழுக்கிப் போய், நிமிர்ந்து, ஒற்றைக் கையால் நெட்டுக்கு அப்பால் திருப்பி அடித்த அடியில் வானொலி பேச்சை மறந்தான்.

"மேடம், என்ன பண்றீங்க?" என்று சீறினார் ஊக்கம் சார்.

"ஆடறேன் சார்," என்றார் டெஸ்பாட்ச் அக்கா. "காலேஜ்ல நாலு வருஷம் ஆடினேன். ஒரு மாசமா தோக்கப் பழகி எனக்கு ராத்திரி தூக்கமே வரல."

அப்புறம் நடந்ததுதான் ஆட்டம். நெட்டை நீண்ட கைகளால் நெட்டருகே சுவர் கட்டினான். இரட்டையர் மாறி மாறிப் புகுந்து குழப்பினார்கள். எதிரணியின் ஒரு மாதப் பயிற்சி இப்போது தலைகீழாக வேலை செய்தது. எந்தப் பந்தை எப்படி விட வேண்டும் என்று கற்றவர்களுக்கு எதை எப்படி எடுக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. ஊக்கம் சார் முழங்கையில் தோலை உரித்துக்கொண்டு ஒரு பந்தை எடுத்தார். புதுசின் இன்னொரு சர்வ் அவர் தோளில் பட்டுத் தெறித்தபோது, "சே, இந்தப் பொண்ணு உயிரை வாங்குது!" என்று வாய்விட்டுக் கத்தினார். இத்தனை வாரத்தில் அவர் அவர்களிடம் சொன்ன முதல் மரியாதையான வார்த்தை அதுதான்.

இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று. டெஸ்பாட்ச் அக்கா அடித்து இருபத்துநாலு ஆக்கினார். அடுத்த பந்து மிளகாய்க்கும் புதுசுக்கும் இடையில், மிளகாயின் பக்கம் சற்றுச் சாய்ந்து வந்தது. மிளகாய் கையை நீட்டினாள். அந்த அரை நொடியில் அவளுக்கு ஒரு நல்லெண்ணம் தோன்றியது: இது புதுசுக்குக் கிடைக்கட்டுமே. கையை இழுத்துக்கொண்டாள். பந்து இருவருக்கும் நடுவில் விழுந்தது.

தோற்றுவிட்டார்கள். தோற்பதற்கென்றே வந்தவளுக்கு அது அவ்வளவு வலிக்கும் என்று மிளகாய் எதிர்பார்க்கவில்லை.

கம்பெனிக்கு நிகழ்ச்சி நிரல் இருந்ததே தவிர மாற்று ஏற்பாடு இல்லை. எம்.டி. மைக்கைப் பிடித்து, எழுதி வைத்திருந்ததை அப்படியே வாசித்தார். "இந்த மகத்தான வெற்றி..." என்று தொடங்கி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்து, 'வெற்றியாளர்கள்' என்று பொறித்த கோப்பையை மிளகாயிடம் நீட்டினார்.

"சார், நாங்க தோத்துட்டோம்."

"எங்க மனசுல நீங்கதாம்மா ஜெயிச்சீங்க."

"அப்ப அதை மனசுலயே வெச்சுக்குங்க சார். இதை அந்த அக்காகிட்ட குடுங்க."

எம்.டி. திரும்பி டெஸ்பாட்ச் அக்காவைப் பார்த்தார். தன் கம்பெனியில் பதினேழு வருடமாக வேலை செய்கிறவரை அன்றுதான் முதலில் பார்த்தவர்போல் பார்த்தார். அந்த அக்கா எழுந்து வந்து, சிவந்த உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துவிட்டு, கோப்பையை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்," என்று போய்விட்டார்.

பஸ்ஸில் புதுசு மிளகாய் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைத்துணியை இன்னும் இறக்கவில்லை. எதிர் சீட்டுக்காரர் அதைப் பார்த்தார், அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"கடைசிப் பந்து உன்னோடது," என்றாள் புதுசு.

"நீ எடுப்பேன்னு நெனச்சேன்."

"பொய். எனக்காக விட்ட."

மிளகாய் வெளியே பார்த்தாள். "ஆமா."

"இன்னொரு தடவை விட்டேன்னா பாரு," என்றாள் புதுசு.

"சாரிடி," என்றாள் மிளகாய். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு, பின்சீட்டில் வானொலி சத்தமாக விக்கினான்.

அந்த மாதமே 'கைகோப்போம்' திட்டம் மறுபரிசீலனைக்குப் போனது. ஊக்கம் சாரை மரம் நடும் பிரிவுக்கு மாற்றினார்கள். மரக்கன்றுகள் நல்ல குழந்தைகள். எவ்வளவு கைதட்டினாலும் முறைப்பதில்லை.

மறு ஞாயிறு, சரிவுப் பாதையின் உச்சியில் டெஸ்பாட்ச் அக்கா வந்து நின்றார். கழுத்தில் அட்டை இல்லை, கையில் முழங்கை உறை இருந்தது. கூட ஊழியர் அணியிலிருந்து இரண்டு பேரையும் இழுத்து வந்திருந்தார். "இடம் இருக்காம்மா?" என்றார்.

இருந்தது. அணி பிரித்தார்கள். வழக்கம்போல் மிளகாய், "புதுசு என் பக்கம்," என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, "நீ எந்தப் பக்கம்டி?" என்று கேட்டாள்.

புதுசு யோசிக்கவே இல்லை. நெட்டின் கீழே புகுந்து, தரையைத் தேய்த்துக்கொண்டு மறுபக்கம் போய், டெஸ்பாட்ச் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து பந்தைக் கேட்டு வாங்கினாள்.

மிளகாய்க்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. "நன்றி கெட்டவளே, போடு பார்ப்போம்!" என்று கத்திவிட்டு, கைகளைச் சேர்த்துக் குனிந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை எதையும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.